அடுத்தவர் உரிமைக்காக நாமும் நிற்பது: மட்டக்களப்பு, அம்பாறை ஊர் அமைப்புகளுக்கான கேள்வி பதில்

மாதர் சங்கம், மீனவர் சங்கம், கால்நடை வளர்ப்போர் சங்கம், இளைஞர் கழகம், கோயில் நிர்வாகம், பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை என்று பல இடங்களில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள் இவை. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், மலையகத்தில் இருந்து வந்து குடியேறியவர்கள், அளிக்கம்பைக் குறவர் சமூகம், வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர், பறங்கியர் என எல்லோரும் பக்கத்துப் பக்கத்தில் வாழும் இரண்டு மாவட்டங்களை மனதில் வைத்துப் பதில்களை எழுதியிருக்கிறோம்.

எங்கள் பிரச்சினையே தீராமல் கிடக்கிறது. பிறகு ஏன் அடுத்த சமூகத்தின் போராட்டத்துக்குப் போக வேண்டும்?

சட்டமும் திணைக்களமும் மாறுவதில்லை, அகப்படும் ஆட்கள்தான் மாறுகிறார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் மூன்று வருடத்துக்கென்று வந்தது. 1982இல் அதை நிரந்தரமாக்கினார்கள். நீண்ட காலம் அதில் அதிகம் அகப்பட்டவர்கள் தமிழ் இளைஞர்கள். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு முஸ்லிம்கள் அகப்பட்டார்கள். 2020இல் கவிதைத் தொகுப்பு ஒன்றைக் காரணம் காட்டி ஒரு முஸ்லிம் ஆசிரியரைப் பிடித்தார்கள். 2022இல் அரகலய என்ற அரச எதிர்ப்புப் போராட்டத்தில் முன்னின்ற சிங்கள மாணவர் தலைவர்களையும் அதே சட்டத்தில் அடைத்தார்கள். முதல் ஆட்களைப் பிடித்தபோது மற்றவர்கள் பேசாமல் இருந்ததால்தான் அந்தச் சட்டத்துக்கு இவ்வளவு ஆயுள் கிடைத்தது என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

காணி விஷயமும் இப்படித்தான். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகத் தமிழ்ப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் வீதியோரம் கொட்டில் போட்டு உட்கார்ந்தார்கள். பொத்துவில் கனகர் கிராமத்து மக்கள் 1990இல் விட்டுப்போன காணியை வன இலாகாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பாணமைச் சிங்கள மக்கள் 2010இல் இருந்து படைத்தரப்பிடம் கேட்டார்கள். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென்று ஜனாதிபதி செயலணி ஒன்றை அமைத்தபோது அதில் முதலில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. ஒவ்வொரு ஊரும் தனித்தனியே கச்சேரிக்கு மகஜர் கொண்டுபோனால், கொடுக்கும் இடத்தில் அது இன்னொரு கோப்பு, அவ்வளவுதான்.

1965இல் கலிபோர்னியாவின் டெலானோவில் திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தத்தை முதலில் தொடங்கியவர்கள் பிலிப்பீன்ஸ் தொழிலாளர்கள். தொடங்கிய நாள் செப்டெம்பர் 8. அதற்கு முந்திய காலமெல்லாம், ஒரு கூட்டம் வேலையை நிறுத்தினால் மற்றக் கூட்டத்தைக் கொண்டு அதை உடைப்பதே முதலாளிகளின் வழக்கம். இந்தத் தடவை மெக்சிக்கத் தொழிலாளர் சங்கம் செப்டெம்பர் 16ஆம் திகதி கூடி, தாங்களும் இறங்குவதென்று முடிவெடுத்தது. அடுத்த ஆண்டு இரண்டு சங்கங்களும் ஒன்றாயின. பெரும்பாலான தோட்டங்கள் 1970இல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அந்த எட்டு நாளைக்குள் எடுத்த முடிவுதான் ஐந்து வருடப் போராட்டத்தைத் தாங்கியது.

‘பொத்துவில் முதல் பொலிகண்டி வரை’ நடையில் இருந்து என்ன எடுத்துக்கொள்ளலாம்?

நிறைய. 2021 பெப்ரவரி 3ஆம் திகதி அம்பாறைப் பொத்துவிலில் தொடங்கி 7ஆம் திகதி யாழ்ப்பாணப் பொலிகண்டியில் முடிந்தது அந்தப் பேரணி. பல பொலிஸ் பிரிவுகளில் நீதிமன்றத் தடையுத்தரவு வாங்கியிருந்தார்கள். மழையும் கூடவே வந்தது. காணாமல் ஆக்கப்பட்டோர், காணி அபகரிப்பு, மேய்ச்சல் தரை, அரசியல் கைதிகள் என்ற தமிழர் கோரிக்கைகளோடு, கொவிட் காலத்தில் முஸ்லிம்களின் ஜனாஸாக்களை, அதாவது இறந்தவர்களின் உடல்களை, கட்டாயமாக எரிப்பதை நிறுத்து என்பதும், தோட்டத் தொழிலாளருக்கு 1000 ரூபா நாட்சம்பளம் கொடு என்பதும் அந்தப் பட்டியலில் இருந்தன. வழியிலிருந்த முஸ்லிம் ஊர்களில் மக்கள் இறங்கி வந்து சேர்ந்தார்கள்.

எரிப்பைக் கட்டாயமாக்கிய வர்த்தமானி 2020 ஏப்ரல் 11இல் வந்தது. அது 2021 பெப்ரவரி 25இல் மாற்றப்பட்டது. மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடி சூடுபத்தினசேனையில் முதல் அடக்கம் நடந்தது. பிறகு அங்கே முஸ்லிம்கள் மட்டுமல்ல, வேறு சமயத்தவர்களும் அடக்கம் செய்யப்பட்டார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. இந்த மாற்றம் பேரணியால் மட்டும் வந்ததென்று சொன்னால் அது பொய். உள்நாட்டு வழக்குகள், வெளிநாட்டு அழுத்தம், ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை அமர்வு எல்லாம் சேர்ந்த காலம் அது. ஆனால் ‘இது முஸ்லிம்களின் பிரச்சினை மட்டும்’ என்று ஒதுக்கிவைக்கும் வழி அந்த ஐந்து நாளில் அடைபட்டது.

கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. ஜனாஸா எரிப்பு தனி வரியாக, அதன் பெயரோடு எழுதப்பட்டது. ‘சிறுபான்மையினர் உரிமைகளைப் பாதுகாத்திடுக’ என்று பொதுவாக எழுதியிருந்தால் காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ ஒருவரும் வீட்டுப் படியை விட்டு இறங்கியிருக்க மாட்டார்கள். எங்கே குறை என்று கேட்டால், நடந்த நெருக்கம் ஊர்மட்டக் கூட்டங்களாக மாறவில்லை. பேரணி முடிந்த அடுத்த வாரத்திலேயே ஐந்தாறு ஊர்களில் பத்துப் பேர் இருந்து பேசும் ஏற்பாடு வேண்டும். அதற்கான திகதியைப் பேரணி புறப்படுவதற்கு முன்பே குறிக்க வேண்டும். முடிந்த பிறகு குறிக்கலாமென்று விட்டால் ஆட்கள் கலைந்துவிடுவார்கள்.

1990இல் நடந்ததை வைத்துக்கொண்டு எப்படி ஒன்றாக நிற்பது?

மறைத்துக்கொண்டு நிற்க முடியாது. ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த கிழமை ஏறாவூரில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். ஓகஸ்ட் 12இல் வீரமுனைக் கோயிலில் தஞ்சமிருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள், அதில் ஊர்காவற்படையினரின் கை இருந்தது. செப்டெம்பர் 5இல் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக முகாமில் இருந்து ஏற்றிச் செல்லப்பட்டவர்கள் திரும்பவில்லை. செப்டெம்பர் 9இல் சத்துருக்கொண்டானில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். ஆறு கிழமைக்குள் இவ்வளவும். அதற்கு முன் 1987 ஜூன் 2இல் அம்பாறை அரந்தலாவையில் பஸ்ஸில் போன பௌத்த பிக்குகள் கொல்லப்பட்டார்கள்.

நடைமுறையில் செய்யக்கூடியது இதுதான். அடுத்தவருடைய நினைவு நாளுக்கு அழைத்தால் இரண்டு மூன்று பேராகப் போங்கள். பின்வரிசையில் இருங்கள். மைக் தந்தாலும் பேச வேண்டாம். ‘எங்களுக்கும் இப்படி நடந்தது’ என்று அன்றைக்குச் சொல்லாதீர்கள், அது உண்மையாக இருந்தாலும். உங்கள் இழப்பைச் சொல்ல உங்களுக்கென்று வேறு நாள் இருக்கிறது, அன்றைக்கு அவர்களை அழையுங்கள். செய்தவர்கள் உங்கள் பக்கத்து ஆட்களாக இருந்தால், யாரோ செய்தார்கள் என்று மழுப்பாமல் செய்தவர்களின் பெயரைச் சொல்ல வேண்டும். இதைச் செய்யாமல் நடத்தப்பட்ட எத்தனையோ நல்லிணக்கக் கூட்டங்கள் தேநீரும் பிஸ்கட்டுமாக முடிந்திருக்கின்றன.

கோரிக்கையை யார் எழுதுவது?

பாதிக்கப்பட்டவர்கள். துணை நிற்பவர் அதில் ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது, ‘கொஞ்சம் மென்மையாக்குவோம்’ என்றும் கேட்கக் கூடாது. உங்களால் ஏற்க முடியாத வரி இருந்தால் அதை மட்டும் சொல்லி, மற்றவற்றில் கையெழுத்து வையுங்கள்.

முதல் சந்திப்புக்கு ஒவ்வொரு பக்கத்திலும் நாலு பேர் போதும். மண்டபம் நிறைய ஆட்கள் வந்தால் தலைவர்கள் மட்டும்தான் பேசுவார்கள். போய்க் கேட்க வேண்டிய கேள்விகள்: உங்களுக்கு என்ன கிடைத்தால் இது முடிந்ததாகக் கருதுவீர்கள்? இதுவரை யாரிடம் போனீர்கள், என்ன பதில் வந்தது? நாங்கள் வெளியில் தெரியும்படி நின்றால் உங்களுக்கு நன்மையா, இடைஞ்சலா? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. வெளியூர் ஆட்கள் வந்து நின்ற காரணத்துக்காகவே புலனாய்வுப் பிரிவினர் வீட்டுக்கு வந்த குடும்பங்கள் உண்டு.

நேரமும் முக்கியம். வெள்ளி மதியம் ஜும்ஆ, நோன்பு மாதத்தில் மாலை, கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் வைகாசி, மாரிப் போக விதைப்பும் அறுவடையும் நடக்கும் கிழமைகள் எல்லாம் தவிர்க்க வேண்டியவை. படுவான்கரையில் இருந்து வரும் பெண்களுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கென்று பார்த்துவிட்டுத்தான் கூட்டம் முடியும் நேரத்தைக் குறிக்க வேண்டும். சிங்கள ஊரவர்கள் வந்தால் மொழிபெயர்க்க இரண்டு பேர் தேவை. ஒருவரே செய்தால் அரை மணித்தியாலத்துக்குப் பிறகு களைத்து, சுருக்கிச் சொல்லத் தொடங்குவார். சுருக்கும்போது முதலில் விழுவது கோபம்தான். அது விழுந்தால் அந்தப் பக்கத்து மனநிலை இந்தப் பக்கத்துக்குத் தெரியாமல் போய்விடும்.

பேச்சைத் தவிர வேறு என்ன கொண்டுபோகலாம்?

சாப்பாடு, தண்ணீர், வாகனம், நிழல், மலசலகூடம், மொழிபெயர்ப்பு, எழுத்து வேலை. இவைதான் போராட்டத்தை நாள்கணக்கில் தாங்குகின்றன.

1977 ஏப்ரல் 5இல் சான் பிரான்சிஸ்கோவில் மாற்றுத்திறனாளிகள் நூற்றுக்கு மேற்பட்டோர் ஓர் அரச கட்டடத்துக்குள் புகுந்து உட்கார்ந்தார்கள். அரச நிதி பெறும் இடங்களில் தங்களை ஒதுக்கக் கூடாதென்ற சட்டம் 1973இல் வந்தும் அதற்கான ஒழுங்குவிதிகளில் கையெழுத்து விழாமல் கிடந்தது. தொலைபேசிகளைத் துண்டித்தபோது காது கேளாதவர்கள் யன்னலில் நின்று சைகை மொழியில் வெளியே செய்தி அனுப்பினார்கள். கறுப்பினத்தவரின் கறுஞ்சிறுத்தைகள் அமைப்பு நாளாந்தம் சூடான சாப்பாடு கொண்டுவந்தது. உள்ளே இருந்தவர்களில் பிராட் லோமக்ஸ் என்ற சக்கர நாற்காலிக்காரர் அந்த அமைப்பின் உறுப்பினர். வாஷிங்டனுக்குப் போன குழுவுக்கு ஒரு தொழிற்சங்கம் லொறி பிடித்துக் கொடுத்தது. ஏப்ரல் 28இல் கையெழுத்து விழுந்தது. அந்தச் சாப்பாடு வராமல் இருந்திருந்தால் இரண்டாம் கிழமையைத் தாண்டியிருக்க மாட்டார்கள்.

நமது வெயிலுக்கும் வழக்கத்துக்கும் ஏற்ற கணக்கு இது. 50 பேருக்கு மதியச் சாப்பாடு என்றால் அரிசி 7 கிலோ, பருப்பு 2 கிலோ, பூசணிக்காய் 5 கிலோ, தேங்காய் 10, கூடவே ஒரு சம்பல். மரக்கறியாகவே சமையுங்கள். விரதக்காரரும் சாப்பிடலாம், ஹலால் கேள்வியும் எழாது. ஆனால் முஸ்லிம்களும் சாப்பிடுவதென்றால் சட்டி பானையையும் யோசிக்க வேண்டும். முஸ்லிம் வீடொன்றில் சமைத்து எடுப்பது, அல்லது அவர்களிடம் பாத்திரம் வாங்கிச் சமைப்பது நல்லது. பார்சலைப் பன்னிரண்டு மணிக்குக் கட்டினால் இரண்டு மணிக்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். தேங்காய்ப்பால் கறி அந்த வெக்கையில் நின்றுபிடிக்காது. தண்ணீர் ஆளுக்கு மூன்று லீற்றர், அதாவது 50 பேருக்கு 150 லீற்றர். போத்தலில் வாங்கினால் காசு பறக்கும், குப்பையும் சேரும். பவுசர் அல்லது கழுவிய கான்கள் போதும்.

பெண்கள் பாதி நாளில் வீட்டுக்குத் திரும்புவதற்கு முதற்காரணம் மலசலகூடம். ஐந்து நிமிட நடையில் இரண்டு வீடுகளோடு முதல் நாளே பேசி வையுங்கள். சவர்க்காரம், மாதவிடாய்த் துவாய், ஒரு மூடி வைத்த வாளி ஆகியவற்றை நீங்களே கொண்டுபோய் வையுங்கள். அதைச் செய்யாமல் ‘பெண்களின் பங்களிப்பு குறைவு’ என்று அறிக்கை எழுதுவது அநியாயம்.

மேடை போட்டால் சாய்தளமும் போட வேண்டும். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் சக்கர நாற்காலியைத் தானே தள்ளி ஏற முடியாது. இந்த இரண்டு மாவட்டத்திலும் போரில் கால் இழந்தவர்கள் எத்தனையோ பேர். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருந்தும் பல அலுவலகங்களில் படிக்கட்டுத்தான் இருக்கிறது. நம்முடைய மேடையிலும் படிக்கட்டு மட்டும் இருந்தால் யாரைக் கேட்பது?

பேரணிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டுமா?

பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77ஆம் பிரிவின்படி ஊர்வலமாகப் போவதென்றால் தொடங்குவதற்கு ஆறு மணித்தியாலத்துக்கு முன்பாவது, தொடங்கும் இடத்துக்குக் கிட்டிய பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். இது அறிவித்தல்தான், கைகட்டி நின்று கேட்கும் அனுமதி அல்ல. எங்கே தொடங்கும், எந்த வழியால் போகும், எத்தனை மணிக்கு முடியும், நோக்கம் என்ன என்று எழுதி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரையும் நேரமும் போட்டு வாங்குங்கள். ஒலிபெருக்கிக்கு அனுமதிப்பத்திரம் வேறாக எடுக்க வேண்டும். அதை மறந்தால் பேரணியை வீதியில் மறிக்க அதுவே காரணமாகிவிடும்.

நீதவான் நீதிமன்றத் தடையுத்தரவு வேறு விஷயம். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 106ஆம் பிரிவில் பொலிஸார் உங்களைக் கேட்காமலே அதைப் பெறலாம். சாதாரணமாக 14 நாளுக்கு மேல் அது செல்லாது. உத்தரவைக் கையில் வாங்கியவுடன் மூன்றைப் பாருங்கள்: யாருடைய பெயர்கள் இருக்கின்றன, எந்தப் பொலிஸ் பிரிவு, எந்தத் திகதி வரை. படமெடுத்து உடனே சட்டத்தரணிக்கு அனுப்புங்கள். அதை மாற்றவோ நீக்கவோ அதே நீதவானிடம் விண்ணப்பிக்கலாம். உத்தரவை மீறிப் பார்ப்போமென்று பதினெட்டு வயசுப் பிள்ளைகளை முன்னால் விடாதீர்கள். வழக்குத் தவணைக்கு மாதாமாதம் அலைவது அந்தப் பிள்ளைகள்தான்.

நாங்கள் அவர்களுக்காக வழக்குப் போடலாமா?

அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி அடிப்படை உரிமை மனுவைப் பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் சட்டத்தரணியோதான் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும், மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள். நிர்வாகத்துறையின் செயலுக்கு எதிராக மட்டும்தான். கடைக்காரருக்கோ அயலவருக்கோ எதிராக இல்லை.

அந்த ஒரு மாதத்தில்தான் எல்லாம் பிழைக்கிறது. கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலாளர், பிறகு அரசியல்வாதி என்று ஒவ்வொருவராகப் பார்த்துப் பதிலுக்குக் காத்திருக்க மாதம் ஓடிவிடும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது. முறைப்பாட்டைப் பாதிக்கப்பட்டவர் சார்பில் வேறொருவரும் கொடுக்கலாம், அதாவது நீங்கள் கொடுக்கலாம். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பிராந்திய அலுவலகங்கள் உண்டு. அவசரத்துக்கு 1996 என்ற இலக்கம். முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வாங்காமல் திரும்ப வேண்டாம்.

துணை நிற்பவர் செய்யும் வேலை இதைச் சுற்றித்தான். சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடிப்பது, காணி உறுதி, அனுமதிப்பத்திரம், பழைய வாக்காளர் இடாப்பு ஆகியவற்றைப் போட்டோப் பிரதி எடுப்பது, கொழும்புத் தவணைக்கு இரவு பஸ் காசு கொடுப்பது. மூலப்பிரதியை மட்டும் எந்த அமைப்பும் வாங்கி வைத்திருக்கக் கூடாது. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் எத்தனை பேரிடம் மூலப் படத்தையும் மூலக் கடிதத்தையும் கொடுத்துவிட்டு இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைச் சேர்ந்து பயன்படுத்துவது எப்படி?

மூன்று ஊர், ஒரே கேள்வி. எங்கள் ஊர்க் காணியை எந்த வர்த்தமானி இலக்கத்தில், எந்தத் திகதியில், எந்த அளவை வரைபடத்தை வைத்து உங்கள் திணைக்களத்துக்கு எடுத்தீர்கள், வரைபடத்தின் பிரதி தருக. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தராவிட்டால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அவர் மூன்று கிழமைக்குள் பதில், அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் ஆணைக்குழு. காரணம் சொல்லத் தேவையில்லை. ‘ஏன் எடுத்தீர்கள்’ என்று கேட்டால் கடிதம் நிறைய விளக்கம் வரும், பயனில்லை. ஆவணத்தைக் கேளுங்கள். ஒரு தமிழ் ஊருக்கும் ஒரு முஸ்லிம் ஊருக்கும் ஒரு சிங்கள ஊருக்கும் வந்த பதில்களைப் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போதுதான் ஒரே கைவேலை என்பது தெரியும்.

சிங்கள ஊர்களோடும் இது சாத்தியமா?

பாணமையைப் பாருங்கள். 2010 ஜூலை 17 இரவு ராகம்வெல, சாஸ்திரவெலப் பகுதியில் ஆயுதம் தாங்கியவர்கள் வந்து குடிசைகளைக் கொளுத்தி மக்களைத் துரத்தினார்கள். பிறகு அங்கே படைமுகாம் வந்தது. சிங்களமும் தமிழும் கலந்த குடும்பங்கள் வாழும் கரை அது. 2015 பெப்ரவரியில் 340 ஏக்கரை விடுவிக்க அமைச்சரவை தீர்மானித்த பிறகும் மக்கள் தொடர்ந்து போராட வேண்டியிருந்தது. தமிழ் ஊரொன்று அவர்களுக்காக எழுதும் கடிதம் கொழும்பில் வாசிக்கப்படும் விதம் வேறு. அதேபோல் மேய்ச்சல் தரைக்காகப் பாணமை எழுதினால் அதன் நிறையும் வேறு.

முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் பற்றித் தமிழ்ப் பெண்கள் பேசலாமா?

முஸ்லிம் பெண்கள் கேட்பதை, அவர்கள் கேட்கும் அளவில், அவர்கள் அழைக்கும் இடத்தில் பேசலாம். 1951ஆம் ஆண்டுச் சட்டத்தில் திருமண வயதெல்லை இல்லை. பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த சிறுமிக்குக் கூடக் காதி நீதிபதியின் (முஸ்லிம் விவாக வழக்குகளைப் பார்ப்பவரின்) அனுமதியோடு நடத்தலாம் என்று இருக்கிறது. பெண் காதியாக முடியாது. பழைய சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிற அரசியலமைப்பின் 16(1)ஆம் உறுப்புரை இருப்பதால் இதை அடிப்படை உரிமைக்கு முரணென்று நீதிமன்றத்தில் தள்ளவும் முடியாது. முஸ்லிம் பெண்கள் பல பத்தாண்டுகளாகத் திருத்தம் கேட்டு, சொந்த ஊரிலேயே ஏச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

இதே விஷயத்தை முஸ்லிம்கள் மீதான வெறுப்புக்குப் பயன்படுத்துபவர்களும் இருக்கிறார்கள். 2021இல் ‘ஒரே நாடு ஒரே சட்டம்’ என்று செயலணி போட்டபோது அதன் தலைமையில் இருந்தவர் பொது பல சேனாவின் ஞானசார தேரர். ஆகவே அவர்கள் பக்கத்து மேடையில் இதைப் பேசாதீர்கள், சொந்தமாகச் சுவரொட்டி அடிக்காதீர்கள். சேர்ந்து வேலை செய்யத் தோதான இடம் காணி. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வாரிசுரிமையில் ஆண்பிள்ளைக்கு முன்னிடம் கொடுத்து வைத்திருந்தது. வீடும் வளவும் பெண்பிள்ளைக்கென்று கொடுக்கும் நமது கரையில் அது தமிழ், முஸ்லிம் பெண்களை ஒரே மாதிரி வெட்டியது. 2022இல் அது திருத்தப்பட்டது. பழைய அனுமதிப்பத்திரங்களில் பின்னுரித்தாளராக (அடுத்த உரிமையாளராக) யார் பெயர் இருக்கிறதென்று பிரதேச செயலகத்தில் பார்க்க ஊர்ப் பெண்களைச் சேர்த்துக் கூட்டிப்போவது உடனே செய்யக்கூடிய வேலை.

சாதி பற்றிப் பேசினால் ஒற்றுமை குலையாதா?

ஏற்கனவே குலைந்துதான் இருக்கிறது. பொதுப் போராட்டத்துக்குப் பறை அடிக்க அழைப்பார்கள், கூட்டத்தில் கதிரை கொடுக்க மாட்டார்கள். நகரைச் சுத்தம் செய்பவர்களுக்குக் கையுறை கேட்டு யாரும் மகஜர் எழுதியதில்லை. சாதி காரணமாகக் கோயிலிலும் கடையிலும் கிணற்றிலும் தடுப்பது 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். கூட்டு அமைப்பில் குறவர் சமூகத்தவர், சுத்திகரிப்புத் தொழிலாளர் இருந்தால், கணக்கையும் ஊடக வேலையையும் அவர்களிடமும் கொடுங்கள். கொடி பிடிக்க மட்டும் கூப்பிட வேண்டாம்.

திருநர், ஒருபாலீர்ப்பினர் வந்தால் ஊர் என்ன சொல்லும்?

ஊர் சொல்லத்தான் செய்யும். அவர்கள் ஏற்கனவே வந்துகொண்டுதான் இருக்கிறார்கள், சொல்லிக்கொள்ளாமல். 1963இல் வாஷிங்டனுக்கு நடந்த பெரும் பேரணியின் ஏற்பாடுகள் அத்தனையையும் இரண்டு மாதத்துக்குள் செய்து முடித்தவர் பேயார்ட் ரஸ்டின். அவர் ஒருபாலீர்ப்பாளர் என்பதற்காகத் தலைமைப் பெயரை அவருக்குக் கொடுக்கத் தயங்கினார்கள். வேலையை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

இலங்கையில் ஒருபாலுறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. 1995இல் செய்த திருத்தம் பெண்களையும் அதற்குள் கொண்டுவந்தது. குற்றமாக்கலை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என்று உயர் நீதிமன்றம் சொன்னது 2023 மேயில் பாராளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. ஆகவே கவனம் தேவை: அவர்கள் சம்மதமின்றிப் படம் எடுக்காதீர்கள், வருகைப் பதிவில் அடையாள அட்டைப் பெயரைக் கட்டாயப்படுத்தாதீர்கள், யார் என்ன என்று மற்றவர்களுக்குச் சொல்லாதீர்கள். பொலிஸ் மறித்தால் கூடவே போக ஒருவரை முன்கூட்டியே குறித்து வையுங்கள்.

வதந்தி கிளம்பினால்?

2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் முஸ்லிம் சாப்பாட்டுக்கடை ஒன்றின் கறியில் மலட்டு மாத்திரை கலந்ததாகக் கதை கட்டினார்கள். கடையையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். பரிசோதனையில் அது வெறும் மாக்கட்டி என்று தெரிந்தது. அறிக்கை வந்தபோது எல்லாம் எரிந்து முடிந்திருந்தது. அதனால் ஒவ்வொரு ஊரிலும் மூன்று பேரின் தொலைபேசி இலக்கம் மற்ற ஊரிடம் இருக்க வேண்டும். அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். காணொளி வந்தவுடன் பகிராமல், நடந்ததாகச் சொல்லும் ஊரின் ஆளை எடுத்துக் கேளுங்கள். பதில் கிடைத்தால் அதை எழுத்தில் அல்ல, அவருடைய குரல் பதிவாகவே அனுப்புங்கள். தெரிந்த குரலை ஆட்கள் நம்புவார்கள்.

இரண்டு பக்கத்துக் கோரிக்கைகளும் மோதினால்?

தமிழர்கள் தரமுயர்த்தக் கேட்க, முஸ்லிம்கள் எதிர்க்கும் கல்முனை வடக்குப் பிரதேச செயலக விவகாரம் அப்படியானது. அம்பாறை மாவட்டத்து நுரைச்சோலையில் சவூதி நிதியில் சுனாமிக்காகக் கட்டிய 500 வீடுகள் யாருக்கென்ற வழக்கில் வருடக்கணக்காகப் பாழடைந்ததும் அப்படியானது. இணக்கம் இருப்பதாக நடிக்க வேண்டாம். கூட்டு ஆவணத்தில் ‘இதில் உடன்பாடு இல்லை’ என்று தலைப்புப் போட்டு, இரு தரப்பின் நிலைப்பாட்டையும் அவரவர் சொற்களில் எழுதி, உடன்பட்டவற்றில் வேலையைத் தொடருங்கள். அந்த விவகாரத்துக்காக ஒரு பக்கம் வீதியில் இறங்கும் நாளில் மற்றப் பக்கம் எதிர்ப் பேரணி வைக்கக் கூடாது என்ற ஒரே வாக்கை மட்டும் வாங்கி வையுங்கள்.

காசு?

வரவுசெலவை இரண்டு சமூகத்தவர் இருவர் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். பற்றுச்சீட்டைக் கிழமைக்கொரு தடவை எல்லோரும் பார்க்கும்படி ஒட்டுங்கள். வேட்பாளர்களிடம் வாங்காதீர்கள்.

நாங்கள் நாலைந்து பேர்தான். இதில் என்ன ஆகும்?

1984 ஜூலை 19இல் டப்ளினில் ஒரு பல்பொருள் அங்காடியில் மேரி மேனிங் என்ற இளம்பெண் தென்னாபிரிக்கப் பழத்துக்குக் காசு வாங்க மறுத்தார். வேலையில் இருந்து நிறுத்தினார்கள். கூட வெளியேறியவர்களையும் சேர்த்தால் பத்துப் பேரளவு. நிறவெறி ஆட்சி பற்றி அவர்களுக்கு அப்போது அதிகம் தெரியாது, தென்னாபிரிக்கப் பொருட்களைக் கையாள்வதில்லை என்ற தொழிற்சங்கத் தீர்மானத்தைத்தான் கடைப்பிடித்தார்கள். நிம்ரொட் செஜாகே என்ற தென்னாபிரிக்க அகதி மறியலில் வந்து நின்று விளங்கப்படுத்தினார். மூன்று வருடமளவில், 1987இல், அயர்லாந்து அரசு தென்னாபிரிக்கப் பழம், மரக்கறி இறக்குமதியைத் தடைசெய்தது.

நாலு பேர் என்றால் ஒரு ஊரை மட்டும் எடுங்கள். முதல் மாதம் போய்க் கேளுங்கள், எதுவும் வாக்குக் கொடுக்க வேண்டாம். இரண்டாம் மாதம் ஒரே ஒரு கடதாசி வேலையை முடித்துக் கொடுங்கள்: ஒரு தகவல் கோரிக்கை, ஒரு முறைப்பாடு, அல்லது ஒரு சத்தியக் கடதாசி. அதன் இலக்கமும் திகதியும் எழுதிய துண்டை அந்தக் குடும்பத்திடம் கொடுத்து, இன்னொரு பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பதில் வரவேண்டிய திகதியில் அவர்கள் கேட்பதற்கு முன்பே நீங்கள் அவர்களைக் கூப்பிடுங்கள்.